எந்தப் பேரில் வந்தார்

— மூணு பேரையும் ஒரே மிஷின்லயா வெச்சிருக்கே? என்னையும் அந்த நாகலூரானையும் ஒண்ணாவா?

— ஆமாங்க லாசர் ஐயா. உங்க பேரு, நாகலூருல இருக்கற உங்க தம்பி ஜோஸ்வா பேரு, உங்கப்பா ஏசுராஜ் பேரு, மூணு வெப்சைட்டும் ஒரே சர்வர்தானுங்க.

— அப்ப காபி வாங்க வர்றவன் யாரத் தேடி வந்தான்னு அதுக்கெப்படித் தெரியும்?

— போன்ல எந்தப் பேர அடிச்சாங்களோ அந்தப் பேரும் கூடவே வருமுங்க. ஹோஸ்ட்னு சொல்லுவோம். என் புரோகிராம் அதப் பாத்து, லாசர்னா உங்க பக்கம், ஜோஸ்வான்னா அவரு பக்கம்னு காட்டும்.

— வந்தவன் சொல்றத அப்படியே நம்பிக்குமா?

— ஆதார் கார்டா கேக்க முடியுமுங்க?

— சிரிக்காத ஷீனா. எங்கப்பா பேர அடிச்சு வர்றவன எங்க அனுப்பறே? ஒழுங்காச் சொல்லு.

— உங்க பக்கத்துக்குத்தானுங்க. மூத்தவரு நீங்கதானே.

— பொய்! ஏசுராஜ்னு அடிச்சேன். இந்தா, போனப் பாரு. ஜோஸ்வா பக்கம் வந்து நிக்குது. அவங்கிட்ட எத்தன மூட்ட காபி வாங்கினே?

— ஏனுங்க, அரைக்கிலோ தூள்கூட வாங்கலீங்க!

— எஸ்டேட்டப் பிரிச்சப்ப நான் கேட்டது அப்பா பேரு ஒண்ணத்தான். அது மூத்தவன் ஊட்டுலதான் நிக்கோணும். எட்டு வருசமா அவன் மொகத்துல முழிக்கல. சர்ச்லகூட அவன் இந்தப் பக்கம்னா நான் அந்தப் பக்கம். இப்ப உன்ன வெச்சு அதையும் திருடறான்.

— இருங்கய்யா. யாரு எந்தப் பேருல வந்தாங்கன்னு சர்வர்ல பதிவாயிருக்கும். எப்ப அடிச்சீங்க?

— இன்னிக்குக் காத்தால. ஆறு மணி இருக்கும்.

— ஏசுராஜ் பேருல காத்தால யாருமே வரலீங்களே.

— அப்ப உன் மிஷினும் அவன் கட்சிதான்.

— கொட்டச்சேட்டுல உங்க ஊட்டு வைஃபையில இருந்து, ஆறு பத்துக்கு ஒருத்தரு வந்திருக்காருங்க. அந்த வைஃபைய மாட்டிக் குடுத்ததே நாந்தானுங்க.

— அதத்தான் நானும் சொல்றேன்.

— ஆனா, ஜோஸ்வான்னு அடிச்சு வந்திருக்காரு.

— கை தவறியிருக்கும்.

— நேத்தும் ஆறு மணிக்குங்க. முந்தாநாளும். ஞாயித்துக்கெழம மட்டும் சர்ச்சுக்குப் போவோணும்னு அஞ்சரைக்கே.

— தேவகுமாரி பாத்திருப்பா. கொழுந்தன்னா அவளுக்கு நொம்பப் பாசம்.

— தேவகுமாரியம்மா மக ஊட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.

— உன்ன யாரும் கணக்கெடுக்கச் சொல்லல.

— எந்திரிச்சிட்டீங்களா? ஐயா, என்னத்தத் தேடறீங்க?

— கண்ணாடிய.

— போட்டிருக்கீங்க.

— …ம். கண்ணு, ஒண்ணு கேக்கறேன். இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா?

— தெரியுமுங்க, அவரு பக்கத்துக்கு எந்த ஊட்டுல இருந்து வர்றாங்கன்னு மாசாமாசம் அவருக்கும் பதிவு அனுப்பறேனுங்க. போன பங்குனியிலயே காபி விக்கறத அவரு உட்டுட்டாருங்க. பக்கத்த எடுத்துறட்டுமான்னு கேட்டேன். ‘தெனம் காத்தால எங்கண்ணன் எம்பேர அடிக்கறாரு, அது பாட்டுக்கு இருக்கட்டும்’னாருங்க.