முதுகுக்கு அடியில பார்த்தீங்களா?

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, ராக்னாவின் பிள்ளைகளே, பச்சிளங்குழந்தைப் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் மகளோடு வந்திருக்கும் ஊன்னி அவர்களே, அனைவருக்கும் அந்தப் பிரிவின் டாக்டர் ஈவாரின் வணக்கம்.

தலைமைச் செவிலியர் ராக்னா ப்ரெக்கே மறைந்துவிட்டார். எனக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன், பிப்ரவரியில் ஒரு காலை. ஊன்னியின் மகள் தீரில் ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பனிப்புயலில் ட்ரும்சோ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. எடை அறுநூறு கிராம்கூட இல்லை. தோலா அது? உள்ளே ஓடும் ரத்தமெல்லாம் தெரிந்தது! மருந்து ஏற்றத் தொப்புள் வழியே குழாய் போட வேண்டும். வயிற்றில் கிருமிநாசினியைத் தாராளமாகத் தடவினேன். குழாய் உள்ளே போனதும், மூச்சுத் திணறிக்கொண்டிருந்த பக்கத்துக் குழந்தையிடம் திரும்பினேன்.

"டாக்டர், முதுகுக்கு அடியில பார்த்தீங்களா?" என்றார் ராக்னா.

"நேரமில்ல ராக்னா. எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

"உங்க நேரத்தைவிட அவ தோல் மெலிசு. தள்ளுங்க."

கையை அடியில் கொடுத்துத் தூக்கினார். விரிப்பு நனைந்திருந்தது. வழிந்த கிருமிநாசினி அடியில் தேங்கி, முதுகுத் தோல் வெந்திருந்தது. ஐயோ, அந்தச் சிவப்பு! ராக்னா அதற்குள் சுத்த நீரால் கழுவத் தொடங்கிவிட்டார்.

தோல் உரிந்தால் கிருமி நுழையும். அந்த எடையில் உயிரே போகும். "குறைமாசக் குழந்தைக்கு இப்படி ஆகுறதுதான்னு அம்மாகிட்ட சொல்லிடலாம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்!

"வாய் கூசலையா உங்களுக்கு? வாங்க, நானும் வரேன். ஆனா நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. ஊன்னி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பொழச்சுக்குவாளா?"

"தெரியலம்மா."

ஒன்பது நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. குழாயைப் பிடித்திருந்த ஒட்டுப்பட்டையை எண்ணெயில் ஊறவைக்காமல் யாரையும் உரிக்கவிடவில்லை ராக்னா. பத்தாம் நாள்தான் புதுத் தோல் படர்ந்தது. இதோ, தீரில் வாஃபிள் தின்றுகொண்டிருக்கிறாள். அவள் முதுகில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அது என் கை செய்த வேலை.

அதன்பின் எத்தனை குழாய் போட்டிருப்பேன்? ஒவ்வொரு முறையும் பெற்றோர் முன்னாலேயே ராக்னா அதே கேள்வியைக் கேட்டார். நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபடி வார்டுக்குள் போகிறேன். இனி என்னிடம் அதை யார் கேட்பார்கள்?

தோழர்களே, பெரிய டாக்டராயிற்றே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ராக்னாவின் பெயரால் உறுதி சொல்கிறேன்: குழாய் போட்டதும் அங்கேயே நிற்பேன். உங்களில் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அடுத்த குழந்தையிடம் நகர மாட்டேன். கேளுங்கள். பயமாக இருக்கிறது, கேளுங்கள்!