பின்பக்கத் திருகு

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இனிமையாக ஒலிப்பதைத்தான் வாங்குவார்கள். வீட்டிலேயே பாட்டு பதிவு செய்கிறவர்களுக்கு அது சரிப்படாது. அவர்களுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான ஸ்டுடியோ மானிட்டர் தரகர் அல்ல, சாட்சி. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு ஜோடிக்காக ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கினேன். என் மனைவி குரலையும் வாத்தியங்களையும் சமன்செய்து பாட்டை முடித்துக் கொடுப்பவள். அறை சிறியது, சின்னப் பெட்டிகளே போதும் என்று முடிவு செய்ததும் நான்தான். சுவரைவிட்டுத் தள்ளி, அவள் காது மட்டத்துக்கு நிறுத்தியதும் நான்தான். ஹெட்போன் மாட்டினால் அவளுக்குத் தலைவலி. அதனால் அந்த இரண்டு பெட்டிகளையே கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

பிறகு வேறொரு நகரத்துப் பெரிய ஸ்டுடியோ அவளை வேலைக்குக் கூப்பிட்டது. மாதிரிக்குச் சில பாட்டுகள் முடித்து அனுப்பச் சொன்னார்கள். போகாதே என்று மனைவியைத் தடுக்கிற ரகம் நான் இல்லை. அந்தக் கெட்ட பெயர் நமக்கெதற்கு?

மானிட்டரின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு, கூர்மையான ஒலியைக் கூட்டவும் குறைக்கவும். அவ்வப்போது ஒரு மயிரிழை குறைத்தேன். அறையில் ஒலி மங்க மங்க, அவள் பாட்டில் கூர்மையை ஏற்றிக்கொண்டே போனாள். காதைக் கிழிக்கிறது என்று அங்கிருந்து பதில் வந்தது.

"எனக்குக் காது போயிட்டிருக்கோ?" என்றாள்.

"வயசாகுதுல்ல" என்றேன். அவளுக்கு முப்பத்து நான்கு.

காது டாக்டர் குறையே இல்லை என்றார். உன்னைப் பயமுறுத்த வேண்டாமென்று பார்க்கிறார் என்று விளக்கினேன். சாப்பிடும்போது சில நாள் தலையைத் தூக்கி, "பெல் அடிக்குதே, கேக்கலையா?" என்பேன். கதவைத் திறந்து, யாருமில்லாத வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவேன். அவள் போன் எடுப்பதை விட்டாள், வண்டி ஓட்டுவதை விட்டாள். சாலையைக் கடக்கும்போது என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது.

இனி எதற்கு என்று அவள் மானிட்டர்களைக் கொடுத்துவிடத் தீர்மானித்தாள். எடுத்துப்போக அவள் அண்ணன் வந்தார். மேடைகளுக்கு ஒலி அமைப்பவர். வயரைப் பிடுங்கப் போன கை பின்பக்கத்திலேயே நின்றது.

"இத யார் மாப்ள இவ்ளோ குறைச்சது?"

தூசி தட்டும்போது திரும்பியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. நான்தான் என்றேன்.

அவர் திருகைச் சரிசெய்து, அவள் கடைசியாக முடித்த பாட்டைப் போட்டார். அது வீறிட்டது. அவள் நிறுத்தச் சொல்லாமல் முழுவதும் கேட்டாள்.

"அப்போ, அந்த பெல்லு?" என்று கேட்டாள், என்னைப் பார்க்காமல்.

ஒரே ஒரு பையுடன் அண்ணனோடு கிளம்பிவிட்டாள். கோபம் ஆறினால் வந்துவிடுவாள். பின்னால் வண்டி வந்தால் அங்கே அவளுக்கு யார் சொல்வார்கள்?