எச்சல் இடாத பந்தி

ஆமாம், அந்தச் சிவப்பு இங்க் என்னோடதுதான். உள்ள வந்து உட்காரேன் நீரஜா, வாசல்ல நின்னுண்டு சண்டை போட்டா பக்கத்து ஃப்ளாட்டுக்குத்தான் லாபம். எங்காத்துக்காரர், அதான் உங்க பத்ரி சார், கையெழுத்துப் போடாம உன் புரோகிராம் பேட்ச் நகராது, தெரியும். அதுக்காக தி.நகர்லேர்ந்து மந்தைவெளிக்கு இந்த வெயில்லயா? முதல்ல காபியைக் குடி. அவர் தூங்கறார்.

ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாளா? பின்னே, கம்ப்யூட்டர் பேப்பர் ஓரத்துல எச்சல் இடாம அடுத்த பந்தியை உட்கார வெச்சிருக்குன்னு ஒருத்தி எழுதினா, நானே சிரிப்பேன்.

தெரியாதா? சாப்பிட்ட இலையை எடுத்து, சிந்தினதைத் துடைச்சு இடத்தைச் சுத்தம் பண்றதுதான் எச்சல் இடறது. அப்புறம்தான் அடுத்தவாளைக் கூப்பிடணும். உன் டேட்டாபேஸ்ல ஒரு டிரான்ஸாக்‌ஷன் பாதியில அறுந்துபோறது. அது மாத்தி வெச்சதையெல்லாம் பழையபடி ஆக்கிட்டுத்தானே பூட்டைத் திறக்கணும்? நீ முதல்ல பூட்டைத் திறந்துட்டே. நடுவுல வர்றவன் எச்சல்லயே உட்காருவான்.

பாரு, நீயே பேப்பரைத் திருப்பறே.

ஐயோ, நான் மேதையெல்லாம் இல்லைம்மா. அவருக்கு வாசிச்சுக் காட்டறதோட சரி. ஆனா கான்வென்ட்ல எலொக்யூஷன் கப் வாங்கினவ சும்மா வாசிப்பேனா? உன் இஃப், எல்ஸையெல்லாம் ஏத்த இறக்கத்தோட, கேக்கறவாளுக்குக் கண்ணுல ஜலம் வர்ற மாதிரி. செமிகோலனுக்கு ஒரு பெருமூச்சு. எங்க மதர் சுபீரியர் கேட்டிருந்தா கப்பைத் திருப்பி வாங்கிண்டிருப்பா. நேத்திக்கு அந்தப் பூட்டைத் திறக்கற இடத்துல, ரிலீஸ்னு நன்னா முழங்கினேன். நிறுத்துடின்னார். இன்னும் ஒண்ணுமே துடைக்கலையே, அதுக்குள்ள யாரைக் கூப்பிடறான்னார். அவ்வளவுதான் எனக்குப் புரிஞ்சது. அதை ஆத்து பாஷையில எழுதிட்டேன். நான் ஒரு அவசரக்குடுக்கை.

பொம்மனாட்டி கையெழுத்துன்னு வேற யாராவது சொன்னாளா? நீ மட்டும்தானா. சரி.

இல்லை, எதுக்குக் கேக்கறேன்னா, முதுகுவலின்னு ஆத்துலேயே உக்காந்திருக்கறவருக்கு எதுக்கு சம்பளம்னு உங்க மேனேஜர் கேட்டானாமே. இந்த முதுகுதானே நேத்திக்கு உன் தப்பைப் பிடிச்சது? போய்ச் சொல்லு.

மாத்திட்டியா? மேல இருந்த வரி கீழ, கீழ இருந்தது மேல, இவ்வளவுதானே. இதுக்கா மூஞ்சியை அப்படி வெச்சுண்டு வந்தே? இரு, செருமல் கேக்கறது, எழுந்துட்டார். இதை ஒருதரம் வாசிச்சுக் காட்டிட்டு கையெழுத்து வாங்கிண்டு வரேன்.

நீயே உள்ள வரயா? முதுகு எப்படியிருக்குன்னு விசாரிக்கணுமா.

வா. ஒண்ணே ஒண்ணு. பேப்பரை நீட்டிண்டு நிக்காதே, நீட்டறது அவருக்குத் தெரியாது. பேனாவை அவர் கையில கொடுத்து, எங்க போடணுமோ அந்த இடத்துல நுனியைக் கொண்டுபோய் வை. மீதியை அவரே போட்டுடுவார்.

முதுகு நன்னாத்தாம்மா இருக்கு.