சல்லடை மாறிய இடம்

— பேனாவை நீட்டாதீங்க சார். என் கை காலியா இல்ல.

— தெரியுதுக்கா. பிரஷ்ஷைக் கீழ வச்சிட்டு ஒரே ஒரு கையெழுத்து. ரெண்டு நொடி வேலை.

— இந்தக் கடல் பொடிசைத் தூக்கி ஸ்லைடு கட்டத்துல வைக்கவே எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது. மூச்சு பட்டா பறந்துடும். கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க.

— மூணு மணிக்கு ரிப்போர்ட் போகணும். டைரக்டர் ரூமுக்கும் வாசலுக்குமா நடந்துட்டு இருக்கார்.

— நடக்கட்டும். உடம்புக்கு நல்லது.

— அக்கா...

— என்ன அக்கா? காலையில 'மேடம்'னு மெயில் போட்டீங்க. 'மேடம், எண்ணிக்கைத் தாளில் தங்கள் ஒப்பம் விடுபட்டுள்ளது.' பத்தொம்பது வருஷமா இந்த மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு கழுத்தே தேஞ்சு போச்சு. இதுவரைக்கும் ஒருத்தரும் என்னை மேடம்னதில்ல. அப்பவே நெனச்சேன், இதுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு.

— வில்லங்கமெல்லாம் ஒண்ணுமில்ல.

— அந்த ஸ்டோர்க்காரர் வேற வந்ததும் வராததுமா என்னைப் பிடிச்சுக்கிட்டார். ஆறு லிட்டர் ஸ்பிரிட் குறையுதாம். 'உங்க ரூமுக்குத்தான் அதிகமா போகுது'ங்கறார். நான் என்ன குடிக்கவா செய்யறேன்?

— அவர் கெடக்கார்... பேச்சை மாத்தாதீங்க. இது உங்க எண்ணிக்கைதானே? பனிக்கடல்ல பதினாறு இடத்துல அடித்தரைச் சேறு வாரினோம். முதல் பத்து இடத்துல ஸ்பூனுக்கு முன்னூறு, நானூறு உசிரு. கடைசி ஆறு இடத்துல பூஜ்யம்.

— பூஜ்யம்னு நான் எழுதவே இல்ல. 'சல்லடையில் எதுவும் நிற்கவில்லை'ன்னு எழுதினேன். நீங்கதான் அதைப் பூஜ்யமா டைப் அடிச்சீங்க.

— ரெண்டும் ஒண்ணுதானே?

— ஒண்ணா? அரிகரண்டியில மாவைக் கொட்டிட்டு, கரண்டியில ஒண்ணும் நிக்கல, அதனால வீட்டுல மாவே இல்லைன்னு சொல்வீங்களா? சுவத்துல மாட்டியிருக்கீங்களே வரைபடம், அதைப் பாருங்க. ஐஸ் பக்கமா போகப் போக, உசிரு இருக்கற இடமெல்லாம் ரோஸ் புள்ளி, ரோஸ் புள்ளி. பத்தாவது இடம் வரைக்கும். அப்புறம் பளிச்சுனு ஒரு வெள்ளைத் திட்டு. யாரோ கத்தியால வெட்டின மாதிரி.

— ஐஸுக்குப் பக்கத்துல சாப்பாடு கம்மிக்கா. இல்லாமப் போகலாம்.

— சாப்பாடு கம்மின்னா உருவம் சிறுக்கும். எட்டாவது இடத்துலேர்ந்தே சிறுத்துக்கிட்டுதான் வந்துது, ஓரத்துல குறிச்சு வச்சிருக்கேன். ஒத்தை செல்லு. வாயில்ல, கண்ணில்ல. ஆனா அந்தக் குளிர்லயும் தனக்குன்னு ஒரு ஓடு கட்டிக்குது. அது அப்படி ஒரேயடியாவா மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிடும்?

— கடல்ல எது வேணா நடக்கும்.

— கடல்ல நடந்ததை விடுங்க. இந்த ரூம்ல என்ன நடந்துது? பத்தாவது சேத்தைக் கழுவி முடிச்சப்போ.

— ஞாபகமில்ல.

— எனக்கு இருக்கு. நைஸ் சல்லடை கிழிஞ்சுது. என் கையிலதான் கிழிஞ்சுது. புதுசு வர மூணு மாசம்னாங்க. 'பெரிய கண்ணு சல்லடை சும்மாதானே இருக்கு, அதுலயே ஓட்டுங்க'ன்னார் டைரக்டர். பதினொண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் அதுலதான் ஓட்டினோம். இப்போ சொல்லுங்க சார். சல்லடை மாறின இடத்துலயே உசிரும் நின்னு போச்சா?

— மெதுவாக்கா. கதவு திறந்திருக்கு.

— திறந்தே இருக்கட்டும். ரிப்போர்ட்டுல மூணாம் பக்கத்தைப் படிங்க.

— எதுக்கு இப்போ...

— படிங்க.

— 'எல்லா மாதிரிகளும் ஒரே சல்லடையில்...'

— முழுசா.

— '...ஒரே சல்லடையில் கழுவப்பட்டன.' இது டைரக்டர் சொல்லி எழுதினது.

— சொன்னது அவர் வாய். எழுதினது யார் கை?

— ...என்னோடதுதான்.

— அந்த வெள்ளைத் திட்டு யாருக்கு வேணும்?

— உங்களுக்கே தெரியும்.

— உங்க வாயால கேக்கணும்.

— இழுவலை மீன்பிடிக் கம்பெனிக்கு. அடியில உசிரு இல்லாத இடம்னு ஆயிட்டா, இரும்பு வலையைத் தரையோட தரையா இழுத்துட்டுப் போக அனுமதி கெடைக்கும். நாளைக்குக் கமிட்டி கூடுது. போதுமா?

— போதும். நான் இன்னிக்குக் கையெழுத்து போட்டா, அந்த அடித்தரையை ஒட்டுமொத்தமா வழிச்சுடுவாங்க. அதுக்கு என் பேர் சாட்சி.

— நீங்க போடலன்னா மட்டும் நின்னுடுமா?

— எண்ணினவங்க கையெழுத்து இல்லாத தாள் செல்லாது. செல்லும்னா நீங்க ஏன் பேனாவும் கையுமா என் தலைமாட்டுல நிக்கறீங்க?

— வேலை போயிடும்க்கா! ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு.

— போகட்டும். வாட்ச் கடையில உக்காந்து பல்சக்கரம் பொறுக்குவேன். இந்தக் கண்ணுக்கு வேலையா கெடைக்காது?

— விளையாடாதீங்க.

— யார் விளையாடறா? போன் அடிக்குது பாருங்க. எடுங்க.

— ...சார். ஆமா சார். இங்கதான் இருக்காங்க. இல்ல சார், மறுக்கவெல்லாம் இல்ல... ஒரு சின்ன சந்தேகம். அஞ்சு நிமிஷம் சார்.

— எனக்கா சந்தேகம்? போனை இப்படிக் குடுங்க, நானே சொல்றேன்.

— வச்சுட்டார்.

— நல்லாத் தெரிஞ்சு வச்சுட்டார்.

— அக்கா, நீங்க சொல்றது நியாயமாவே இருக்கட்டும். நிரூபிக்க என்ன இருக்கு? சல்லடையில நிக்காததெல்லாம் சிங்க் வழியா சாக்கடைக்குப் போயாச்சு.

— போகல.

— என்ன?

— என் மேஜைக்கு அடியில குனிஞ்சு பாருங்க.

— அந்த ஆறு பக்கெட்டா? துணி அலசற பக்கெட்னு...

— வேலைக்குச் சேந்த வருஷம் அவசரப்பட்டு ஒரு தடவை சிங்க்ல கொட்டிட்டேன். மறுநாள் அதையே கேட்டாங்க. அன்னியிலேர்ந்து ஒரே வழக்கம்தான். சல்லடைக்குக் கீழ இறங்கின சேறு, ரிப்போர்ட் அச்சாகி கையில வர்ற வரைக்கும் இந்த ரூமை விட்டுப் போகாது. தெளிஞ்ச தண்ணியை மட்டும் வடிச்சிட்டு, மூடி வச்சிடுவேன். மூணு வாரமா மதியச் சாப்பாட்டு நேரத்துல அதைத்தான் எண்ணிட்டு இருக்கேன்.

— எண்ணிட்டீங்களா?

— பதினொண்ணாவது இடத்துல ஒரு ஸ்பூனுக்கு இருநூத்திப் பன்னெண்டு. பதினாலுல நூத்தி அறுபது. பதினாறுல, ஐஸ் விளிம்புல, எண்பத்தேழு. ஒவ்வொண்ணும் ரோஸ். கப்பல்ல சேத்தை வாரின கையோட சாயம் கலந்தது நீங்கதானே? அன்னிக்கு உசிரோட இருந்தது மட்டும்தான் ரோஸ் பிடிக்கும். செத்த ஓடு வெள்ளையாவே கெடக்கும். இந்தாங்க புதுத் தாள். எந்த இடத்துக்கு எந்தச் சல்லடைன்னு தனியா ஒரு வரி போட்டிருக்கேன். கீழ என் கையெழுத்தும் இருக்கு. நீங்க கேட்டது கையெழுத்துதானே?

— இதை ஒரே வார்த்தையில அடிச்சுடுவார் டைரக்டர். 'குழாய்த் தண்ணியில கழுவி ஆறு வாரம் கெடந்த சேறு. உள்ள இருந்ததெல்லாம் அழுகிப் போயிருக்கும். இந்தம்மா ரோஸ் கனவு கண்டிருக்காங்க'ம்பார்.

— அங்கதான் எனக்கே ஆச்சரியம். அது என் தப்பு, ஒத்துக்கறேன். நைஸ் சல்லடையில கழுவினா பக்கெட்டுல வெறும் களிதான் சேரும். களி அழுகாம இருக்க யாராவது ஸ்பிரிட் ஊத்துவாங்களா? பழக்கதோஷத்துல இதையும் அப்படியே மூடிட்டேன். மூணு வாரம் முன்னாடிதான் சுரீர்னு உறைச்சுது. ஐயோ போச்சேன்னு வயித்துல அடிச்சுக்கிட்டு ஓடிவந்து திறந்தா... இந்த ரூம்ல எப்பவும் அடிக்கற ஸ்பிரிட் வாடையைத் தவிர நாத்தமே இல்ல சார்! நேத்து வாரின மாதிரி இருக்கு. ரூம் குளிரா, நான் பண்ணின புண்ணியமான்னு தெரியல. ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

— மூடியைத் திருப்பிப் பாத்தீங்களா?

— மூடியையா? அதுல என்ன இருக்கப் போகுது?

— பாருங்களேன்.

— ...பென்சில்ல ஏதோ... தேதி. நான் கழுவின அன்னிக்குத் தேதி. 'ஸ்பிரிட், ஒரு லிட்டர்.' கீழ... தம்பி, இது உன் கையெழுத்துதானே?

— ஆறு மூடியிலயும் இருக்கு.

— அப்போ ஸ்டோர்க்காரர் தேடற ஆறு லிட்டர்...

— ம்.

— அன்னிக்கே தெரிஞ்சிருக்கு உனக்கு! தெரிஞ்சும் மூணாம் பக்கத்துல அப்படி எழுதியிருக்க. தெரிஞ்சும் பேனாவைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்து நிக்கற. நான் பாட்டுக்குப் போட்டுக் குடுத்திருந்தா என்னடா பண்ணியிருப்ப?

— நானும் போட்டிருப்பேன்க்கா. சாயங்காலம் ஆறு பக்கெட்டையும் என் கையாலயே சிங்க்ல கொட்டியிருப்பேன். என் தைரியம் ஸ்பிரிட் ஊத்தற வரைக்கும்தான் வந்துது... நீங்க போட மாட்டீங்கன்னு நம்பித்தான் ஆறு வாரத்தை ஓட்டினேன். அந்தப் புதுத் தாளைக் குடுங்க. பேனா என்கிட்டதான் இருக்கு.