ஒன்பதாம் கட்டிலின் நோயாளி

இந்த மனிதர் சரியாகத் தூங்குவதில்லை. அவர் எதிரே உட்கார்ந்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். கழுத்தை இடது பக்கம் மட்டுமே திருப்புகிறார். தலையணை உயரம் போலிருக்கிறது. கண்களுக்குக் கீழே இரண்டு பைகள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அதையே மறுபடி கோப்பில் தேடுகிறார். பத்தொன்பது வருடம் நர்ஸாக இருப்பவளுக்கு இதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டுவிடும். தலையணையை மாற்றிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். விசாரணைக்கு வந்த இடத்தில் அது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் செவிலியர் பதிவகத்தின் விசாரணை அதிகாரி. பதிவேட்டில் என் பெயர் இருப்பதா, அடித்து நீக்கப்படுவதா என்பது அவர் எழுதப்போகும் அறிக்கையில் இருக்கிறது. நீக்கப்பட்டால் அதற்குப் பிறகு நான் ஒருவருக்கு ஊசி கூடப் போட முடியாது. வேறு வேலை எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் எதையும் மறைக்காமல் சொல்வதென்று வந்திருந்தேன். மறைக்கவும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு வேலை. காலை ஆறிலிருந்து ஒன்றுவரை ஆஸ்பத்திரி. ஒன்றரையிலிருந்து ஏழரைவரை ஒரு முதியோர் இல்லம். வாரத்தில் ஆறு நாள். கூட்டினால் எழுபத்தெட்டு மணி நேரம். ஒரு நர்ஸ் எல்லா வேலையும் சேர்த்து வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்று போன வருடம் விதி வந்தது. எங்கள் வார்டில் எல்லோரும் அதற்கான படிவத்தில் அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் பொய்தான் எழுதினார்கள். நான் மட்டும் உண்மையை எழுத விரும்பினேன். என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

பதினெட்டு மணி நேரத்தை எங்கேயாவது குறைத்தாக வேண்டும். ஆறு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு மூன்று மணி நேரம். உழைத்தால்தானே உழைப்பு நேரம்? இல்லத்தில் தினமும் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் கணக்கு அறுபதில் சரியாக வந்து நின்றது. யாரையும் ஏமாற்றாமல் விதியை மதிக்க அது ஒன்றுதான் வழி.

அந்த மூன்று மணி நேரம் வீட்டுக்குப் போய்த் தூங்கலாமே என்று அதிகாரி கேட்டார். கல்யாணமான ஆண்கள் இப்படித்தான் கேட்பார்கள். பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த என் நாத்தனார், கணவர், மூன்று பிள்ளைகளோடு எங்கள் வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறார். நான் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணி வந்துட்டாங்க" என்று ஒரு குரல் எழும். அது வரவேற்பு இல்லை, வேலை ஒப்படைப்பு. என் கணவர் அன்பானவர். "ரெண்டு இடத்துல நின்னுட்டு வர்றே, மொதல்ல போய்ப் படும்மா" என்பார். நான் அறை வாசலைத் தாண்டுவதற்குள், "படுக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு காபி" என்பார். பதிவகத்தின் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

ஆக, எனக்கென்று ஒரு கட்டில் கிடைத்தது இல்லத்தில்தான். பெரிய கூடம், ஒன்பது கட்டில், எட்டுப் பேர். மூலையில் ஒன்பதாவது கட்டில் காலியாக இருந்தது. சுற்றி ஒரு திரை. படுத்தால் ஜன்னல் வழியே ஒரு மரத்தின் பாதி தெரியும்.

ஆனால் எட்டுப் பேர் விழித்திருக்கும்போது நர்ஸ் தூங்கக் கூடாது. அது பொறுப்பின்மை. ஓய்வுபெற்ற ராணுவக்காரர் மதியத்தில்தான் எல்லையைக் காப்பார்; கழிப்பறைக்குப் போகிறவர்களை நிறுத்தி அடையாளம் கேட்பார். முன்னாள் பாடகி இரண்டு மணிக்குச் சாதகம் தொடங்குவார். தபால்காரராக இருந்தவர் அடுத்த கட்டிலின் மாத்திரைகளை எடுத்து எதிர்க் கட்டிலில் பட்டுவாடா செய்வார். இவர்களை விட்டுவிட்டு எப்படிக் கண்ணை மூடுவது?

ராணுவக்காரருக்கு டாக்டர் ஏற்கெனவே ஒரு தூக்க மருந்து எழுதியிருந்தார். சீட்டில் 'தேவைப்பட்டால்' என்று போட்டிருந்தது. யாருக்குத் தேவைப்பட்டால் என்று போடவில்லை.

முதல் நாள் அவருக்கு மட்டும். மறுநாள் பாடகிக்கும். பத்து நாளில் எட்டுப் பேரும் இரண்டு மணிக்கு அடங்கி ஐந்து மணிக்கு மேல் எழுந்தார்கள். ஒவ்வொருவரின் எடை, வயது, சிறுநீரகத்தின் நிலை எல்லாம் பார்த்துத் தனித்தனியாக அளந்தேன். எட்டுப் பேரும் தூங்கினால் நர்ஸ் தூங்குவதில் தவறே இல்லை. கவனிப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

இல்லத்தை நடத்தும் மேடம் மூன்றாவது வாரம் மதியத்தில் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சிஸ்டர் இது, கோவில் மாதிரி இருக்கு!"

"பழக்கம்தான் மேடம்."

"போன சிஸ்டர் இருந்தப்ப சந்தைக்கடை மாதிரி இருக்கும். நீங்க கைராசிக்காரங்க." அடுத்த வாரமே, 'அமைதியான மதிய ஓய்வு எங்கள் சிறப்பு' என்று பலகை எழுதி மாட்டிவிட்டார்.

ஒரு நர்ஸுக்குக் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம், சார்ட்டில் எழுதாதது நடக்காதது. கொடுத்த ஒவ்வொரு மருந்தையும் நேரம் போட்டு எழுதினேன். ஒன்பதாம் கட்டிலில் ஒரு ஆள் படுத்திருக்கும்போது அங்கே சார்ட் இல்லாமல் இருப்பது என்னை உறுத்தியது. அதற்கும் ஒன்று போட்டேன். பெண், வயது நாற்பத்து மூன்று. நாடித் துடிப்பு சீராக உள்ளது. இரண்டு நிமிடத்தில் உறங்கினார். மருந்து தேவைப்படவில்லை.

சனிக்கிழமை வரும் டாக்டர் எல்லா சார்ட்டிலும் 'அதே தொடரட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒன்பதாவதிலும் போட்டார். "இந்தம்மா நல்லாத் தேறிட்டாங்க போலிருக்கே. வெயிட் மட்டும் ஏறாமப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. வார்டில் மற்றவர்கள் உருக்குலைந்து கொண்டிருந்தார்கள். ஒருத்தி சலைன் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். நோயாளிதான் அவளைத் தாங்கிப் பிடித்தார். ஹெட் சிஸ்டர் என்னைப் பார்த்து, "ரெண்டு வேலை பாக்கறே, முகம் மட்டும் பொண்ணு பாக்க வந்த வீட்டுல நிக்கற மாதிரி இருக்கே. என்னடி மாயம்?" என்பார். நேரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன் என்பேன். அது பொய்யில்லை.

இடையில் கணக்கு வாத்தியாரின் மகள் விஷயம் ஒன்று இருக்கிறது. அதிகாரி அதைக் கேட்கவில்லை. சார்ட்டில் இருப்பதால் நானே சொன்னேன்.

வாத்தியாருக்கு நான்காம் கட்டில். மகள் தூர தேசத்தில் இருக்கிறாள். இரண்டு வருடம் கழித்து, ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போக வருகிறாள். அன்று காலையில் அவர் இரண்டு முறை சவரம் செய்துகொண்டாராம். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், மூணு மணிக்கு வருவா. நாலரைக்கெல்லாம் கிளம்பிடுவா. இப்பல்லாம் மதியம் ஆனா எனக்குக் கண்ணு சொருகுது. வயசாயிடுச்சு. நான் அசந்துட்டா எழுப்பி விட்டுடுவீங்களா?"

"கண்டிப்பா ஐயா."

அவருக்கு மட்டும் அன்று நிறுத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எட்டுப் பேரும் தூங்கினால் அது மதிய ஓய்வு. ஒருவர் விழித்து, ஏழு பேர் அசையாமல் கிடந்தால், வந்தவள் அந்த ஏழு பேரையும் பார்ப்பாள். அதோடு அவர் பரபரப்பில் இருந்தார். பரபரப்பில் இருப்பவருக்கு வழக்கமான அளவு போதாது. கொஞ்சம் கூட்டினேன்.

மகள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். நல்ல பெண். "எழுப்பட்டுமா சிஸ்டர்?" என்றாள்.

"வேணாம்மா. உங்களை நினைச்சே காலையிலேர்ந்து ஒரே தவிப்பு. இப்பத்தான் அசந்தாரு."

"ஐயோ, அப்ப தூங்கட்டும்" என்று அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். அவள் அவருடைய பேரனைப் பற்றி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கணக்கு வரவில்லையாம். தாத்தா பக்கத்தில் இருந்தால் தலையில் குட்டியே புகட்டியிருப்பாராம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அன்று எனக்குத் தூக்கம் வர ஏழு நிமிடம் ஆனது. அதையும் எழுதியிருக்கிறேன்.

வாத்தியார் ஆறு மணிக்கு எழுந்தார். "வந்தாளா?" என்றார்.

"வந்தாங்க ஐயா. உங்க கையைப் பிடிச்சுட்டே இருந்தாங்க."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுப்பலையா?"

"எவ்வளவோ எழுப்பிப் பார்த்தோம்."

வாயால் சொல்வதை யாரும் சார்ட்டில் எழுதுவதில்லை.

அதற்கு அடுத்த மாதம் இந்த அதிகாரி இல்லத்துக்கு வந்தார். மருந்தைத் தேடி வரவில்லை. மணி நேரத்தை எண்ண வந்தார். சார்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "எட்டுப் பேருக்குத்தானே அனுமதி? ஒன்பதாவது பேஷன்ட் எங்கே?" என்றார்.

"உங்க முன்னாடிதான் சார் நிக்கிறேன்" என்றேன்.

பிறகு எட்டுப் பேரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். எட்டுப் பேரும் என்னைப் பற்றி நல்லவிதமாகவே சொன்னார்கள். மதியங்களைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவில்லை. வாத்தியார் மட்டும், "அந்தப் பொண்ணு எனக்காக ரொம்பப் பாடுபட்டிருக்கு" என்று கூடுதலாக ஒரு வரி சொன்னாராம்.

நான் சொல்லி முடித்ததும் அதிகாரி வெகுநேரம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். 'அளவுக்கு மீறிய பணியால் ஏற்பட்ட களைப்பில், தெளிவாகச் சிந்திக்க இயலாத நிலையில் இவ்வாறு செய்துவிட்டேன்.'

"கையெழுத்துப் போடுங்க சிஸ்டர். ஆறு மாசம் சஸ்பென்ஷனோட போயிடும். பேரு தப்பிச்சிடும். நர்ஸுங்க படற பாடு எனக்குத் தெரியாதா? என் தங்கச்சியும் நர்ஸுதான்."

"போடலைன்னா?"

"பேரை அடிச்சிடுவாங்க. அதுக்கு மேல போலீஸ்."

நான் தாளை இரண்டு முறை படித்தேன். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். ஆனால் களைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வார்டில் தினமும் பார்க்கிறேன். களைத்துப் போனவளால் எட்டு உடம்புக்கு எட்டு அளவை ஏழு மாதமாக ஒரு துளி பிசகாமல் அளக்க முடியாது. வாத்தியாருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று யோசிக்கவும் முடியாது. முந்தின மதியம் மூன்று மணி நேரம் நிம்மதியாகத் தூங்கியிருந்ததால்தான் அன்று என்னால் அவ்வளவு தெளிவாக யோசிக்க முடிந்தது.

"சும்மா ஒரு வரிதானே சிஸ்டர். எல்லாரும் எழுதறதுதான்" என்றார் அவர்.

தாளை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்குக் களைப்பே இல்லைங்க சார்."