முப்பத்தேழு ப்ரெசென்ட் சார்

இல்லக்கா, நீங்களே சொல்லுங்க... ஒரு பஸ்ஸைக் கிளப்பறதுக்கு முன்னாடி தலையை எண்ணணுமா வேண்டாமா? ஆடு மேய்க்கறவங்ககூட ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க! நாப்பது பேரை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கார், வந்து இறங்கின முதல் நாள், இன்னும் பல்லுகூட ஒழுங்கா தேய்க்கல... ஒரு பொண்ணை ஹைவே மோட்டல்ல அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டார். இவரெல்லாம் ஒரு துறைத் தலைவர்!

நீங்க சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். அக்கான்னு கூப்பிடலாம்ல? நீங்க போன்ல யாரையோ தமிழ்ல "மாத்திரை போட்டியா, பொய் சொல்லாதே"ன்னு அதட்டினீங்க பாருங்க, அப்பவே இந்த நாற்காலியை இழுத்துப் போட்டுட்டேன். பஸ் போனதுல இருந்து வாயை மூடிட்டே இருக்கேன்க்கா. அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு எங்க வீட்ல கேட்டாத் தெரியும்.

ஃபுட் டெக்னாலஜிக்கா, மூணாவது வருஷம். ஒரு பிஸ்கட் ஃபேக்டரியைப் பாக்க வந்திருக்கோம். சிரிக்காதீங்க... பிஸ்கட்டைப் பாக்க பாஸ்போர்ட் எடுத்தியான்னு எங்கப்பாவும் இதேதான் கேட்டார். ஒரு மாசம் என்கிட்ட முகம் குடுத்தே பேசலக்கா அவர். அம்மா பேசி ஆகல. கடைசியில மாமா வந்து உக்காந்து, காப்பி மேல காப்பி குடிச்சு, பஞ்சாயத்து பண்ணித்தான் தலையை ஆட்டினார். அதுவும் எப்படி? "அங்க இருந்து ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னியோட ஹாஸ்டல் கட். வீட்ல இருந்து தினம் பஸ்ல போய்ப் படி." போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்க்கா! பாதி ஆயுசு ஜன்னல் கம்பியைப் பிடிச்சிட்டே போயிடும்.

சார் மட்டும் என்ன லேசுப்பட்டவரா? ஏர்போர்ட்லயே எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி அவர் பைல போட்டுக்கிட்டார். "எவனாவது எவளாவது கூட்டத்தை விட்டு நகர்ந்தா அடுத்த ஃப்ளைட்ல வீட்டுக்கு"ன்னார். நகர்ந்தது நானா? பஸ்தானே நகர்ந்துச்சு!

என்னது? ஆமா, ஆமா... போன் இருக்கு. இங்க வைஃபைகூட நல்லாத்தான் வருது. கூப்பிடலாம்... கூப்பிடலாம்தான். இருங்க, அதுக்கு வரேன்.

முதல்ல அந்த நாற்காலியைச் சொல்லணும். அதோ, கண்ணாடிக் கதவு ஓரமா கறுப்பா ரெண்டு இருக்கே, உடம்பு பிடிச்சு விடற நாற்காலி. ராத்திரி பூரா ஃப்ளைட்ல காலை மடக்கி உக்காந்து வந்திருக்கேன், அது என்னைப் பாத்து வா வான்னு கூப்பிடுது. சரி, ஒரு நிமிஷம்தானேன்னு காசைப் போட்டு உக்காந்தேன். முதுகுல குத்துச்சு, சுகமாத்தான் இருந்துச்சு. திடீர்னு கீழ ரெண்டு பக்கமும் உப்பிக்கிட்டு வந்து ரெண்டு காலையும் கவ்விக்கிச்சுக்கா! இழுக்கறேன், வரல. உதறறேன், விடல. எழுத்தெல்லாம் என்னென்னமோ பாஷையில இருக்கு, எந்தப் பட்டனை அமுக்கினாலும் இன்னும் இறுக்கிப் பிடிக்குது. எதிர்ல கண்ணாடி... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்க பஸ். கதவு மூடுது. பின்னால போகுது. திரும்புது. நான் கையை ஆட்டறேன், முன்சீட்ல இருந்த ஒருத்தன் எனக்கு டாட்டா காட்டறான்க்கா! கண்ணாடிக்குள்ள மூஞ்சி தெரியல போல, மோட்டல் பொண்ணு யாரோ வழியனுப்பறான்னு நினைச்சிருப்பான்.

பஸ் மறைஞ்சதும் படக்குன்னு காலை விட்டுச்சு பாருங்க, சனியன்.

அப்ப நான் உக்காந்து அழுதேன்னு நினைக்கறீங்களா? இல்லக்கா. எண்ணுவாங்க, ஒரு ஆள் குறையும், அய்யய்யோன்னு பஸ்ஸைத் திருப்புவாங்கன்னு தலையை வாரிக்கிட்டு வாசல்ல போய் நின்னேன். அந்த டிரைவர் பாவம், கிளம்பறதுக்கு முன்னாடியே விரலை நீட்டி ஒண்ணு ரெண்டுன்னு எண்ணத்தான் வந்தாராம். எங்க சார்தான், "நோ நோ, நான் அட்டெண்டென்ஸ் எடுத்தாச்சு, ஃபுல்"னு கையைக் காட்டி உக்கார வச்சிட்டாராம்.

எப்படி ஃபுல்லா? அது... அது வந்துக்கா... சாருக்கு மூஞ்சியே தெரியாது. மூணு வருஷமா நம்பர்தான். குனிஞ்ச தலை நிமிராம "முப்பத்தேழு"ன்னுவார். நான்தான் முப்பத்தேழு. "ப்ரெசென்ட் சார்"னு சத்தம் வந்தா முப்பத்தெட்டுக்குப் போயிடுவார். முப்பத்தெட்டு என் ரூம்மேட்.

பாக்கறீங்க பாருங்க ஒரு பார்வை! இது எல்லாக் காலேஜ்லயும் உள்ளதுதான்க்கா. மழை நாள்ல அவளுக்கு நான் சொல்லுவேன், முதல் பீரியட்ல எனக்கு அவ சொல்லுவா. மூக்கை லேசா அடைச்சுக்கிட்டுப் பேசினா அச்சு அசலா நான்தான். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்... சரி, ஆமா, இன்னைக்கும் நான்தான் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கறப்பவே, "ஏய், நான் வர்றதுக்குள்ள கூப்பிட்டா சொல்லிடுடி"ன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினேன். வாய் தவறி வந்துடுச்சு! "சாப்பிட்டு வரேன்"னு சொல்ற மாதிரி அது எங்களுக்கு வழக்கம்! சொல்லுடின்னா அதுக்கப்புறம் நான் ஏறினேனான்னு பாக்க வேண்டாமா அவ? ப்ரெசென்ட் சொல்லிட்டு ஜன்னல்ல சாஞ்சு தூங்கியிருக்கா, தூங்குமூஞ்சி!

அவளுக்கு மெசேஜ் போட்டேன். பதறிட்டா. "இப்பச் சொன்னா நானும் மாட்டுவேன்டி, எனக்கும் ஃப்ளைட்தான். நீ எப்படியாவது ஃபேக்டரிக்கு வந்துடு, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்"னா. பாத்துக்கிட்டா, நல்லாப் பாத்துக்கிட்டா! ஃபேக்டரி வாசல்ல கூப்பிட்டாங்களாம், ப்ரெசென்ட். சாப்பாட்டுக்கு முன்னாடி கூப்பிட்டாங்களாம், ப்ரெசென்ட். என் பங்கு பிஸ்கட் பாக்கெட்டைக்கூட வாங்கி வச்சிருக்காளாம்! நாப்பது பேர்ல ஒருத்தருக்குக்கூட "அந்த வாயாடி எங்க, சத்தத்தையே காணோமே"ன்னு தோணலயேக்கா... அதை நினைச்சாத்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. திட்டறதுக்காவது தேடியிருக்கலாம்ல?

நீங்க எந்தப் பக்கம்க்கா போறீங்க? கார்லதானே வந்தீங்க? ...ஓ, எதிர்ப்பக்கமா. இல்ல இல்ல, சும்மாதான் கேட்டேன்.

ஒரு நிமிஷம், அவதான்... அய்யோ. அக்கா, இங்க பாருங்க. "ஃபேக்டரி முடிஞ்சுது. நேரா அடுத்த ஊருக்குக் கிளம்பறோம், இனிமே அந்த ரோட்டுப் பக்கமே வர மாட்டோமாம். கவலைப்படாதே, ப்ரெசென்ட் சொல்லிட்டேன்." கவலைப்படாதேவாம்! பாஸ்போர்ட் ஒரு ஊர்ல, நான் ஒரு ஊர்ல... பயமா இருக்குக்கா. நிஜமாவே பயமா இருக்கு.

சரி. ஹாஸ்டல் போனாப் போகட்டும். அவகிட்ட சொல்லிடறேன்... "நான் சாரைக் கூப்பிடறேன்டி, உன் பேரை எடுக்க மாட்டேன்." ...ம், ரிங் போகுது.

சார்... சார், நான் முப்பத்தேழு பேசறேன் சார்... இல்ல சார், பின் சீட்ல இல்ல சார். மோட்டல்ல சார்... காலையில டீ குடிச்சோமே, அங்க... விளையாடல சார், சத்தியமா நான்தான்... சார்? சார்!

வச்சிட்டார்க்கா. என்ன சொன்னார் தெரியுமா? "முப்பத்தேழு இப்பத்தான் ப்ரெசென்ட் சொன்னா, என் காதால கேட்டேன். மூணு வருஷத்துல ஒரு நாள் லீவு போடாத பொண்ணு அவ. அவ பேர்ல பேசறதுக்கு நீ யாரு?"ன்னு கேக்கறார்!

சிரிக்காதீங்கக்கா! அழுகையா வருது எனக்கு. நீங்களாவது பேசுங்களேன், பெரியவங்க குரல்னா நம்புவார். மறுபடி போடறேன், இந்தாங்க, பிடிங்க... ஆனா ஒண்ணு, "முப்பத்தேழுக்காக நான் பேசறேன்"னு மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க!