மூடியில் எழுதிய பெயர்

தட்டின் மூடியில் பெயர் எழுதக் கூடாது, அடித்தட்டில்தான் எழுத வேண்டும். செல் வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். மூடிகள் இடம் மாறும், அடித்தட்டு மாறாது. என் கணவரிடமும் சொன்னேன். அந்தக் கூடத்துக்கே அவர்தான் தலைவர், நான் சொல்லியா கேட்கப்போகிறார்.

உங்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் செய்வது நானோ கம்பிப் பரப்பு. நகத்தளவு சிப், அதன் மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பிகள் பிரஷ் போல நெருக்கமாக நிற்கும். அவற்றின் மேல் உயிருள்ள செல்களை வளர்ப்போம். கம்பி நுனி நோகாமல் செல்லுக்குள் இறங்கி, உள்ளே நடப்பதை மின்சாரமாக வெளியே கொண்டுவரும். இதயச் செல்கள் என்றால் கூட்டமாகச் சேர்ந்து துடிக்கும். அந்தத் துடிப்பை ஸ்பீக்கரில் கேட்கலாம்.

அவருடைய முதல் மனைவி இதயக் கோளாறில் போய்ச் சேர்ந்தவள். இருந்தபோது எடுத்து வைத்த தோலிலிருந்து இதயச் செல்களை உண்டாக்கி, என் கம்பிகளின் மேல் வளர்த்தார். மூடியில் 'பொம்மு' என்று எழுதினார். வீட்டில் அவளைக் கூப்பிட்ட பெயர். அதே கோளாறு அவள் பெற்ற மகளுக்கும் இருந்தது. மகளிடம் எடுத்த செல்கள் பிழைக்கவில்லை. அதனால் எந்த மருந்தையும் தாயின் செல்களில் சோதித்துப் பார்த்துவிட்டே மகளுக்குக் கொடுப்பது என்று டாக்டரோடு பேசி முடிவு செய்தார். நல்ல ஏற்பாடுதான். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத இதயம் ஒன்று வேண்டும் என்றார். என் தோலைக் கொடுத்தேன். அந்த மூடியில் 'ஒப்பீடு' என்று எழுதினார்.

காலையில் உள்ளே நுழைந்ததும் பொம்முவைத்தான் ஸ்பீக்கரில் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சக்களத்தி உயிரோடு இருந்தால் வயதாகும், சிடுசிடுப்பாள், ஒரு நாள் சமையலில் உப்பைக் கொட்டுவாள். இவள் ஒன்றுமே செய்யாமல் துடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவளுக்கு நாள் தவறாமல் ஊட்டத் திரவம் மாற்றியது நான். வயிறு எரிந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்: "ஆயிரம் இதயத்த வரிசையா வச்சாலும் இவ துடிப்ப நான் கண்டுபிடிச்சிடுவேன்."

மகள், "சித்தியோடத?" என்று கேட்டாள்.

சிரித்தார். "அது நல்லா இருக்கிற இதயம்மா. அதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

மறுநாள் இரண்டு மூடிகளையும் மாற்றி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் இரண்டு தட்டுகளிலும் புது மருந்து விட்டிருந்தார்கள். அதுவரை திக்கித் திக்கித் துடித்த பொம்மு சீராகத் துடிப்பதைக் கேட்டு அவர் அழுதேவிட்டார். மருந்து பலித்துவிட்டது என்றார். ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் நெஞ்சில் அவர் அப்படிக் காது வைத்ததில்லை. பின்னால் நின்று நானும் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

'ஒப்பீடு' என்ற மூடி போட்ட தட்டில் துடிப்பு முன்னைவிட மோசமாகத் திணறியது. "உன்னோடது கெட்டுப்போச்சு போல, கொட்டிடு," என்றார். அவர் சொல்லித்தான் அவளைக் கொட்டினேன். அந்த மருந்து அவளுக்கு ஆகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் மகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மரியாதை தெரிந்த பெண். டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மருந்து வந்த அன்று என்னிடம்தான் கொண்டுவந்தாள். "இப்பவே போட்டுக்கவா சித்தி, இல்ல சாப்பிட்டுட்டா?"

"சாப்பிட்டுட்டுப் போடு. வெறும் வயித்துல வேண்டாம்," என்றேன். தண்ணீரும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் என் தட்டை மறுபடியும் 'ஒப்பீடு' ஆக்கிவிடுவார். அவரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சில நாளில் கல்லூரிப் படிக்கட்டில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அம்மாவைப் போலவே பெண்ணும் போய்விட்டாள் என்றார்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று அவர் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டேன்: "பொம்மு, நம்ம பொண்ணு உங்கிட்ட வந்துட்டா. பாத்துக்க."

துக்கத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனாலும் எதிரில் ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி பெயரைச் சொல்வதற்கு ஓர் அளவு இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஆகாத மருந்து என்று தெரிந்தேதான் அவளைச் சாப்பிட விட்டேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் ஓர் உதவி செய்தால் போதும். அங்கே இத்தனை நாளாகத் துடிப்பது நான்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இனிமேலும் காலையில் வந்து கேட்பாரா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.